மகனுக்காக நான் பேசிய பேரம்

1

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் அது எனக்கு அவமானம். நானே சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் அடக்கம்.

துபாயில், சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்த ஓர் அலுவலகத்தில், என் மகனை ஒப்பந்தம் செய்யவிருந்த பேஸ்பால் அணியின் மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு நான் நினைத்த பக்கம் போகவில்லை. நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தேன். "தேங்க் யூ மிஸ்டர், வீ ஆர் கோயிங்" என்று சொல்லிக் கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.

இந்தக் கல்ஃபில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். கடையில் விலையைக் கேட்க வேண்டும். முகத்தைச் சுளிக்க வேண்டும். பொருளைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையே வெறுத்தவன் மாதிரி வாசலை நோக்கி நடக்க வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான். "பாய், பாய், இதர் ஆவோ! லாஸ்ட் பிரைஸ் போலோ!" என் வீட்டில் இருக்கிற சூட்கேஸ், சுவர்க் கடிகாரம், கம்பளம் எல்லாம் இப்படித் திரும்பக் கூப்பிடப்பட்டு வாங்கியவைதான்.

ஆகவே மெதுவாக நடந்தேன். கூப்பிட அவகாசம் கொடுக்க வேண்டும் அல்லவா. ஷூ கயிறு கட்டுவதற்குக் குனிந்தேன். என் ஷூவில் கயிறே கிடையாது என்பது குனிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் மெஷினில் ஒரு கப் குடித்தேன். லிஃப்ட் வந்தது. போகவிட்டேன். இன்னொன்று வந்தது. அதையும் போகவிட்டேன். வாசலில் இருந்த நேபாளி செக்யூரிட்டி அனுதாபத்தோடு, "சார், டாய்லெட் சாஹியே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழி காட்டினார். வேண்டாத இடத்துக்குப் போய், வேண்டாத நேரம் வரை நின்றுவிட்டு வந்தேன்.

வெளியே ஜோயல் நின்றுகொண்டிருந்தான். என் மகன். கையை நீட்டினான்.

"டாடி, உங்க போன். டேபிள்ல விட்டுட்டு வந்துட்டீங்க."

"அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஆமா. உங்க போனை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

2

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பெயர் சேவியர். ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசர். பதவிப் பெயரில் இருக்கிற கம்பீரம் வேலையில் கிடையாது. ஏசி குளிரவில்லை என்று போன் செய்கிறவர்களிடம் 'ஆள் வந்துகொண்டே இருக்கிறான்' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. மனைவி மெர்சி நர்ஸ். எனக்கும் சேர்த்து அவள்தான் நிஜமான வேலை செய்கிறாள்.

ஒரே மகன் ஜோயல். இங்கேயே பிறந்தவன், இப்போதுதான் பிளஸ் டூ முடித்தான். தூத்துக்குடியை 'உங்க ஊர்' என்பான். ஊரிலிருந்து என் தங்கை வீடியோ காலில் வந்தால், "நல்லா இருக்கேன் அத்தை, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோலப் போனை என் பக்கம் தள்ளிவிடுவான். தமிழ் புரியும். கோபம் வந்தால் மட்டும் முழுக்க இங்கிலீஷுக்குப் போய்விடுவான். கோபத்துக்குத் தேவையான தமிழை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மணல் காலியிடம் ஒன்று இருக்கிறது. பகலில் கார் நிற்கும். லீவு நாள் காலையில் காரை எடுத்துவிட்டால் அது ஸ்டேடியம். டென்னிஸ் பந்தில் எலக்ட்ரிக் டேப் சுற்றிக்கொண்டு பாகிஸ்தான்காரன், மலையாளி, நம் ஆள் எல்லோரும் ஆடுவார்கள். அதில் ஜோயல் வேகப்பந்து போடுவான். ஏதோ போடுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் தொப்பி போட்ட இரண்டு பேர், பந்தின் வேகத்தை அளக்கிற கருவியோடு வந்தார்கள். இங்கே புதிதாகப் பேஸ்பால் போட்டி நடத்துகிறார்களாம்; எறிவதற்குக் கை வேண்டுமாம்; அமெரிக்காவிலிருந்து எல்லாக் கைகளையும் விமானத்தில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது அல்லவா, அதனால் மணலில் கிடக்கிற கைகளைத் தேடி வந்திருக்கிறார்கள். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் குற்றம். இங்கே அதுதான் உத்தியோகம். ஜோயல் எறிந்தான். கருவியைப் பார்த்தவர் இன்னொரு தொப்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அப்புறம் டிராஃப்ட். ஒரு ஹோட்டல் ஹாலில் மேடை போட்டு, அணிகள் ஒவ்வொன்றாக வந்து தங்களுக்கு வேண்டிய ஆட்டக்காரன் பெயரைப் படிப்பார்கள். நாங்கள் போனில் பார்த்தோம். பெரிய பெயர்கள் எல்லாம் போய், ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பித்த நேரத்தில், ஒருவர் வந்து தாளைப் பார்த்துத் தடுமாறி எங்கள் பையன் பெயரைக் கொலை செய்து படித்தார். மெர்சி அழுதாள். நான் ஓடிப்போய் லட்டு வாங்கிவந்து, கட்டடத்தில் ஏசி குளிராத வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். அன்று ஒருவரும் ஏசியைப் பற்றிப் பேசவில்லை. சர்ச் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். பேஸ்பால் என்றால் படத்தில் ரௌடிகள் கையில் வைத்திருப்பார்களே அந்தக் கட்டையா என்று ஒருவர் கேட்டார். நான் எனக்கும் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டேன்.

லட்டெல்லாம் தீர்ந்த பிறகுதான், அதாவது மறுநாள், விவரம் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"ஏல, இந்த டீம்தான் வேணும்னு நீ கேட்டியா?"

"நோ டாடி. அவங்கதான் பிக் பண்ணாங்க."

"சரி, வேற டீம் இதைவிட நல்லாத் தாறேன்னு வந்தா?"

"வர முடியாது. என் ரைட்ஸ் இவங்ககிட்ட இருக்கு. வேற யாரும் என்கிட்ட பேசவே கூடாது."

"இவங்க தாறது நமக்குப் பிடிக்கலைன்னா?"

"தென் ஐ டோன்ட் ப்ளே."

ஒரு பொருளுக்கு ஒரே ஒரு கடை. அந்தக் கடைக்கு மட்டும்தான் அதை வாங்கவும் உரிமை. பொருள், என் பையன். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பரவாயில்லை, பேரம்தானே, அது நம்ம லைன்' என்று நினைத்தேன்.

3

முதல் பேச்சுவார்த்தைக்கு நான் தயாராகப் போனேன். கல்ஃபுக்கு வந்த எவனும் வேலை ஒப்பந்தத்தில் எதையெல்லாம் கேட்பானோ அதையெல்லாம் மனதில் அடுக்கியிருந்தேன். வருஷத்துக்கு ஒரு டிக்கெட். ரூம். சாப்பாட்டு அலவன்ஸ். டியூட்டி நேரம். ஓவர்டைம். லீவ் சம்பளம். மெடிக்கல் கார்டு. கிராஜுவிட்டி. முதல் தடவை நான் வந்தபோது கேட்கத் தெரியாமல் விட்டதெல்லாம் என் மகனுக்குக் கிடைத்தாக வேண்டும்.

மேனேஜர் பெயர் மிஸ்டர் கோல். அமெரிக்கர். சின்ன வயசு. நாற்காலியில் உட்காராமல் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே பேசினார். எல்லா வாக்கியத்தையும் 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று முடித்தார். பக்கத்தில் விசா, பெர்மிட் காரியங்களைப் பார்க்கும் ஷாஜி என்ற மலையாளி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அரசாங்கத் தாள்களைச் சுமக்கிற மலையாளி ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் கல்ஃபே நின்றுவிடும்.

நான் டிக்கெட்டில் ஆரம்பித்தேன்.

"டிக்கெட்?" என்றார் கோல். "மேட்சுக்கா? குடும்பத்துக்கு ஃப்ரீயாகவே தருவோம்."

"நோ நோ. ஏர் டிக்கெட். தூத்துக்குடி, அப் அண்ட் டவுன்."

கோல் ஷாஜியைப் பார்த்தார். ஷாஜி மேஜையைப் பார்த்தார். ஓவர்டைம் கேட்டேன். ஆட்டம் நீண்டுபோனால் அது எல்லோருக்கும்தான் நீளும் என்றார் கோல். கடைசியாகக் கிராஜுவிட்டி கேட்டேன். இங்கே வேலையை விட்டுப் போகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபத்தோரு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கம்பெனி தருகிற தொகைக்கு அதுதான் பெயர். கோலின் ஊரில் அந்த வார்த்தைக்கு ஹோட்டலில் வைக்கிற டிப்ஸ் என்று அர்த்தமாம். அவர் பந்தின் மேல் ஆடுவதை நிறுத்திவிட்டார்.

"சார், உங்கள் மகனுக்கு ரசிகர்கள் டிப்ஸ் தர வேண்டும் என்கிறீர்களா?"

"எவ்ரி இயர், ட்வென்ட்டி ஒன் டேஸ்" என்றேன் நான் கறாராக.

மேஜைக்கு அடியில் ஜோயல் என் காலை மிதித்தான். காது வரை சிவந்திருந்தான். ஷாஜி மெல்லிய குரலில், "சேட்டா, அது லேபர் கான்ட்ராக்ட்டிலாணு. இது வேற" என்றார்.

வேறுதான். எப்படி வேறு என்பதை கோல் விளக்கினார். மூன்று வருஷம் பையன் அவர்களுக்கு. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். கையெழுத்துப் போடும்போது ஒரு சின்னத் தொகை. கடைசி வரிசையில் எடுக்கப்பட்டவனுக்கு அவ்வளவுதான், அது எழுதிவைத்த விதி.

"நீங்க எப்ப வேணாலும் அனுப்பலாம். அவன் எப்ப வேணாலும் போகலாமா?"

கோல் சிரித்தார். அழகான பல். "அவன் ஏன் போகப் போகிறான்? நாங்கள் ஒரு குடும்பம்."

அப்போதுதான் நான் எழுந்தேன். மீதியை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

4

"சூட்கேஸ் வாங்கப் போன மாதிரியா போனிய?" என்றாள் மெர்சி. டியூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றாள்.

"கூப்பிடுவான்னு நெனச்சேன்."

"அவன் ஏன் கூப்பிடுவான்? அவனை விட்டா உங்களுக்குப் போக்கிடம் இருக்கா?"

அந்தக் கேள்வியை அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மீன்குழம்பு ஆறிப்போனது. பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. சரி, நல்லதுதான். பையன் முகத்தை அவர்கள் எந்த விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாம்; அவன் தன் முகத்தை எங்கே போடுவதானாலும் அவர்களைக் கேட்க வேண்டும். பையன் வேறு எந்த விளையாட்டும் விளையாடக் கூடாது.

"வேற எந்த விளையாட்டுமா?" என்றேன். "பின்னாடி மணல்லகூடவா?"

"டேப் பால்கூட கூடாது" என்றான் ஜோயல். "இன்ஜுரி ஆகும்னு."

"இன்ஜுரி ஆனா?" என்றாள் மெர்சி. அவள் விரல் ஒரு வரியில் நின்றிருந்தது. "கை போச்சுன்னா, இவங்க வைத்தியம் பார்ப்பாங்க. கை திரும்பி வரலைன்னா, ஒப்பந்தம் முடிஞ்சிரும். எய்யா, இதைப் படிச்சியா நீ?"

"படிச்சேன் மம்மி. எல்லா பிளேயருக்கும் இப்படித்தான்."

எனக்கு அந்த இடத்தில்தான் முதல் குமட்டல் வந்தது. அந்த வரியைப் படித்து வரவில்லை. அவன் அதைச் சொன்ன விதம். 'எல்லாருக்கும் இப்படித்தான்.' கல்ஃபில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத வாய் கிடையாது. ஒரு ரூமில் பத்துப் பேர் படுத்தாலும் இதைத்தான் சொல்வோம். வெயிலில் பஸ் வராமல் நின்றாலும் இதைத்தான் சொல்வோம். நாங்கள் கட்டிக்கொண்டு வந்த இந்த வாக்கியம், இங்கேயே பிறந்து, நல்ல ஸ்கூலில் படித்து, இங்கிலீஷில் கனவு காண்கிற பையன் வாயில் எப்படி ஏறியது?

இதற்கு நடுவில் என் வீரத்துக்கு அணியிலிருந்து பதில் மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான கடிதம். என் கருத்துகளுக்கு நன்றி. பரிசீலித்ததில், கையெழுத்துத் தொகையைக் குறைக்க வேண்டியதாகிறது. பையனை உடற்பரிசோதனைக்கு அனுப்பவும். கீழே, நாங்கள் ஒரு குடும்பம்.

நான் வெளிநடப்பு செய்ததற்கு விலை இறங்கியது. என் வித்தை அந்தச் சந்தையில் தலைகீழாக வேலை செய்தது. சர்ச்சில் ஒருவர், "என்ன சேவியர், கான்ட்ராக்ட் முடிஞ்சுதா? தொப்பியைக் காணோமே?" என்று கேட்டார். தொப்பி போட்டால் முடி கொட்டுகிறது என்றேன்.

5

பரிசோதனைக்கு நானும் போனேன். பேச மாட்டேன் என்று மெர்சியிடம் சத்தியம் செய்துவிட்டு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் ஜோயல் சட்டையில்லாமல் நின்றான். ஒருவர் அவன் வலது கையைத் தூக்கினார், மடக்கினார், தோளோடு சேர்த்துப் பின்னால் திருகினார். திருகிய கோணத்தைச் சத்தமாகச் சொன்னார். இன்னொருவர் கம்ப்யூட்டரில் அடித்தார். முழங்கையின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து அளந்தார். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கையிடம்தான் கேட்டார்கள். அவன் அந்தக் கைக்குத் துணைக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

ஷார்ஜாவில் பழைய கார் வாங்கப் போனால் இப்படித்தான் பார்ப்போம். பானட்டைத் தூக்கி, பெயின்ட்டைத் தட்டி, ஆக்சிடென்ட் ஆன வண்டியா என்று கீழே படுத்துப் பார்ப்போம். நானே எத்தனை நண்பர்களுக்காகப் படுத்துப் பார்த்திருக்கிறேன்! கோல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல கை" என்றார். "அவன் அம்மா உயரமா?"

"ஏன்?"

"அவன் இன்னும் வளர்வானா என்று பார்க்க."

மெர்சியின் உயரத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. வண்டி எத்தனாவது மாடல் என்று கேட்டால் சொல்வதுபோல, கேட்டதும் சொல்லிவிட்டேனே!

பம்பாயில் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. அப்போது எனக்கும் கிட்டத்தட்ட இந்த வயசுதான். டிரேட் டெஸ்ட் என்பார்கள், கல்ஃபுக்கு ஆள் எடுக்கிற சோதனை. தகரக் கொட்டகையில் வரிசையாக நின்றோம். ஏஜென்டின் ஆள் ஒருவன் ஒவ்வொருவர் புஜத்தையும் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தான், காய்ப்பு இருக்கிறதா என்று. ஓர் ஏசி கம்ப்ரஸரைக் காட்டித் தூக்கச் சொன்னான். தூக்கினேன். தலையசைத்தான். நான் வெளியே ஓடி எஸ்டிடி பூத்தில் காத்து நின்று வீட்டுக்குப் போன் போட்டு, "என் கை நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று கத்தினேன். அங்கே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவருக்கும் அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

ஜோயல் சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"டாடி, என் ஆர்ம் வெரி குட்னு சொன்னாங்க."

நான் அவனைப் பார்க்காமல் தண்ணீர் மெஷினைப் பார்த்தேன்.

அதன் பிறகு மறுபடியும் அந்தக் கண்ணாடி அறை. கோல் பந்தின் மேல். ஷாஜி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "சேட்டா, பையன் உங்க விசாவிலல்லே இருக்கிறது? அப்ப புதிய விசா வேண்டா. லேபர் பெர்மிட் எடுத்தா மதி. உங்க என்ஓசி மட்டும் தந்தா போதும்."

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கே குடும்பத்தோடு இருப்பவன் பிள்ளைக்கு அப்பாதான் ஸ்பான்சர். அப்பாவின் பெயரில்தான் பிள்ளை இந்த நாட்டில் இருக்கிறான். அப்படிப்பட்ட பிள்ளை வேலைக்குப் போவதானால், 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அப்பா ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதுதான் என்ஓசி. அணிக்கு இதில் என்ன லாபம் என்றால், விசா செலவு மிச்சம். பையனை எடுத்ததிலும் சிக்கனம்.

ஆனால் என் காதில் விழுந்தது அது இல்லை. கடைசியில் என் கையில் ஒரு துருப்புச் சீட்டு வந்திருக்கிறது! மெர்சிக்குச் செய்த சத்தியம் பறந்துபோனது.

"நோ என்ஓசி" என்றேன். "ஃபர்ஸ்ட் யூ சேஞ்ச் கான்ட்ராக்ட். தென் என்ஓசி."

கோல் முதல்முறையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். ஷாஜி பேனாவை மூடினார். நான் அடுத்து டிக்கெட்டில் ஆரம்பிப்பதா, தொகையில் ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜோயல் பேசினான். இங்கிலீஷில், கோலைப் பார்த்து. "மூன்று வருஷம் வேண்டாம். ஒரு சீசன். அது முடிந்ததும் என்னை விட்டுவிட வேண்டும். நான் வேறு அணிக்கும் போகலாம், காலேஜுக்கும் போகலாம்."

கோல் கொஞ்சம் ஆடினார். "ஒரு சீசன் என்றால் கையெழுத்துத் தொகை கிடையாது."

"ஓகே."

"டேய்!" என்றேன் நான்.

"ஓகே" என்று இன்னொரு முறை சொன்னான், என்னைப் பார்க்காமல்.

ஷாஜி பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான். நான் இத்தனை நாள் கட்டிய கோட்டையெல்லாம் போய், லஸ்ஸி குடிக்கிற நேரத்தில் காரியம் முடிந்தது. மிச்சம் இருந்தது என் கடிதம் ஒன்றுதான்.

6

காரில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன். துபாயிலிருந்து ஷார்ஜா திரும்புகிற ரோட்டில் அந்த நேரத்தில் வண்டி நகராது. பிரசங்கத்துக்கு ஏற்ற இடம்.

"அவன் உன்கிட்ட என்ன பண்ணினான்னு தெரியுதால? உன்னை நீயே கூட்டிட்டுப் போறதுக்கு உன் கையெழுத்துக் காசைப் பிடுங்கிருக்கான்! உன்னோடதை உனக்கே வித்திருக்கான்! ச்சீ, என்ன பிழைப்புல இது!"

"டாடி, எனக்கு ஒரு வருஷம் எறியணும். தட்ஸ் இட்."

"நடுவில பிடிக்கலைன்னா? ஒரு சீசன் முடியுறவரைக்கும் அவன்கிட்டதான கிடக்கணும்? நான் என்ஓசி தர மாட்டேன்."

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான், அவனிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இங்கே வருவதற்கு முன்னால் நான் கத்தாரில், ராஸ் லஃபானில், கேஸ் பிளான்ட் வேலையில் இருந்தேன். நம் பெயரை எழுதிக்கொண்டு நம்மை நாட்டுக்குள் கொண்டுவருகிறவனுக்கு அரபியில் கஃபீல் என்று பெயர். அந்தக் காலத்தில் அவன் விடுதலைக் கடிதம் கொடுக்காமல் வேறு வேலைக்கு மாற முடியாது. எனக்கு நல்ல இடத்தில் ஒரு வேலை கிடைத்தது. கடிதம் கேட்டு கஃபீல் முன்னால் போய் நின்றேன். அவர் கத்தவில்லை. திட்டவில்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். "உனக்கு இங்கே என்ன குறை? நான் உன்னை என் பிள்ளை மாதிரித்தானே பார்க்கிறேன்?" என்றார். டீ குடித்தேன். கடிதம் கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் போனேன். அடுத்த மாதமும் டீதான். அந்த வேலை வேறு எவனுக்கோ போய்விட்டது.

"அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன்" என்றேன். "அந்தச் சர்க்கரை இன்னும் நாக்கில குமட்டுது."

ஜோயல் முழுக்கக் கேட்டான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். கதை பலித்துவிட்டது, பையன் யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

வீட்டில் அதன் பிறகு பேச்சு நின்றது. பையன் சாப்பிட்டான், தூங்கினான், மணல் பக்கம் போகாமல் ஜன்னலில் நின்று பார்த்தான். நான் வேலைக்குப் போய், ஆள் வந்துகொண்டே இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெர்மிட்டுக்குத் தாள் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியதும் ஷாஜி போன் செய்தார். "சேட்டா, என்ஓசி?" நாளை என்றேன். மறுநாளும் நாளை என்றேன்.

மெர்சி ஒருநாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கொடுத்திருங்க. அவன் கேட்டதை அவனே வாங்கிட்டு வந்துட்டான். நீங்க இன்னும் எதை வச்சிட்டு நிக்கிய?"

"அவன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"தெரியும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

போனேன். எங்கள் தெருமுனையில் டைப்பிங் சென்டர் இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கொடுக்கிற தாளெல்லாம் அங்கேதான் அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுப்பார்கள். அங்கே இருந்த வங்காளதேசத்துப் பையன் கடகடவென்று அடித்தான். நான் இன்னார், இந்த எமிரேட்ஸ் ஐடிக்காரன், என் மகன் இன்னார், அவன் வேலை செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டே வரி. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய், கீழே கொஞ்சம் கண்டிஷன் சேர்க்கணும்."

"என்ஓசியில கண்டிஷனா?" அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நஹி பாய். ஆட்சேபணை இருக்கா, இல்லையா? அவ்வளவுதான்."

இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்து ஷாஜிக்கு அனுப்பினேன். ஆனாலும் நான் யார்? விட்டுவிடுவேனா? நாங்கள் மூவர் மட்டும் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, டைப்பிங் சென்டர் வாசலில் நின்றபடியே ஜோயலுக்கு எழுதினேன். என்ஓசி கொடுத்துவிட்டேன். ஆனால் சில விஷயங்கள். பிராக்டீஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வர வேண்டும். போனில் லொகேஷன் எப்போதும் போட்டிருக்க வேண்டும். கையில் வலி என்றால் அணிக்குச் சொல்வதற்கு முன் மம்மியிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறக் கூடாது. தலைமுடிக்குக் கலர் அடிக்கக் கூடாது. சீசன் முடிந்ததும் காலேஜ். எந்தக் காலேஜ் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். கடைசியாக, இந்த என்ஓசியை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். இதெல்லாம் உன்மேல் உள்ள பாசத்தில்தான் எழுதுகிறேன், நாம் ஒரு குடும்பம்.

அனுப்பினேன். நீல டிக் உடனே விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நீளமாக ஏதோ எழுதுகிறான், நன்றி சொல்லப் போகிறான் என்று வெயிலிலேயே நின்றேன்.

"ஓகே, கஃபீல்."